நெஞ்சுப் படபடப்பு: பயமா? நோயா?



இஷாத் தொழுகையில் நிற்கிறீர்கள். ருகூவிலிருந்து நிமிரும்போது, முன்னறிவிப்பு எதுவுமின்றி, நெஞ்சு ஒரு துள்ளுத் துள்ளுகிறது. அடுத்த கணமே படபடவென்று ஓடத் தொடங்குகிறது. கழுத்தின் உள்ளே யாரோ தட்டுவது போலிருக்கிறது. கைகால் நடுங்குகிறது. மௌத்து வந்துவிட்டதோ என்று மனம் பதறுகிறது. முஸல்லாவிலேயே உட்கார்ந்து விடுகிறீர்கள். பத்து நிமிடமோ அரை மணித்தியாலமோ கழிந்தபின், தொடங்கியது போலவே சட்டென்று நின்றுவிடுகிறது. பிறகு உடம்பெல்லாம் அசதி. இரண்டு மூன்று தடவை சிறுநீர் கழிக்க ஓட வேண்டியிருக்கிறது. மறுநாள் எதுவுமே நடக்காதது போல சமையலறையில் நிற்கிறீர்கள்.

இதை வாசிக்கும்போதே, "எனக்கும் இப்படித்தானே வருகிறது" என்று எண்ணும் சகோதரிகள் சிலராவது இருப்பீர்கள். உங்களுக்காகவே இக்கட்டுரை.

எனது உறவில் ஒரு ராத்தாவுக்கு இது 27 வயதில் தொடங்கியது. முதற்பிள்ளை கிடைத்து ஒரு வருடமிருக்கும். கணவர் கட்டாரில். முதற்தடவை வந்தபோது முச்சக்கர வண்டியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். வாசலை அடையுமுன் படபடப்பு நின்றுவிட்டது. ஈ.சி.ஜி. எடுத்தார்கள், அதில் எந்தக் குறையும் இல்லை. "வீட்டில் ஏதும் பிரச்சினையா? அதிகமாக யோசிக்கிறீர்களா?" என்று கேட்டு, மனதை அமைதிப்படுத்தும் குளிசை எழுதிக் கொடுத்து அனுப்பினார்கள். இரண்டாம் தடவையும் அதே கதை. மூன்றாம் தடவை ஆஸ்பத்திரிக்குப் போகவேயில்லை. மாமி ஓர் ஹஸ்ரத்திடம் கூட்டிப்போய் ஓதிப் பார்த்து நூல் கட்டிக்கொண்டு வந்தார். "புருஷன் பக்கத்தில் இல்லாத யோசனைதான்" என்று அயலவர் முடிவு கட்டினார்கள். ராத்தாவும் அதை நம்பத் தொடங்கிவிட்டார். இப்படியே எட்டு வருடங்கள்.

அவருக்கு இருந்தது பயமல்ல. இருதயத்தின் மின்னோட்டத்தில் பிறவியிலேயே அமைந்த ஒரு சிறு கோளாறு. இன்று அதனை முற்றாகக் குணப்படுத்த முடியும். அவருக்குக் குணமும் ஆகிவிட்டது. அந்த எட்டு வருடங்கள்தான் வீணாகப் போயின.

ஓதிப் பார்ப்பதை நான் குறைகூற வரவில்லை. துஆவும் மருந்தும் ஒன்றுக்கொன்று எதிரியல்ல. ஆனால் ஒன்றைச் செய்துவிட்டோம் என்பதற்காக மற்றதை விட்டுவிடுவதுதான் நம் வீடுகளில் நடக்கிற தவறு.

பம்ப் நல்லது, வயரில்தான் கோளாறு

இருதயம் ஒரு தண்ணீர் பம்ப் என்று வைத்துக்கொள்ளுங்கள். பம்ப் ஓடுவதற்கு மின்சாரம் வேண்டுமல்லவா? இருதயத்தின் வலப்பக்க மேலறையில், ஒரு சின்னஞ்சிறு இழையத் திட்டிலிருந்து அந்த மின்துடிப்பு பிறக்கிறது. ஓய்வாக இருக்கும்போது நிமிடத்துக்கு 60 முதல் 100 தடவை வரை. அது மேலறைகளில் பரவி, நடுவிலுள்ள ஒரு சந்தி வழியாக மட்டுமே கீழறைகளுக்கு இறங்கும். அந்தச் சந்தி, சிறிது தாமதித்து அனுப்பும் ஒரு கடவை போன்றது.

சிலருக்கு இந்தச் சந்தியில் ஒன்றுக்குப் பதிலாக இரண்டு பாதைகள் இருக்கும். ஒன்று வேகமானது, மற்றது மெதுவானது. சாதாரண நாட்களில் இதனால் ஒரு தொந்தரவும் இல்லை. ஆனால் எப்போதாவது ஒரு துடிப்பு நேரந்தவறி வந்துவிட்டால், மின்னோட்டம் ஒரு பாதையால் இறங்கி மற்றதால் மேலேறி, வட்டமாகச் சுழலத் தொடங்கிவிடும். ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு துடிப்பு. நிமிடத்துக்கு 150, 180, சிலருக்கு 200க்கும் மேல். இந்தவகைப் படபடப்பு ஆண்களைவிடப் பெண்களுக்கு ஏறத்தாழ இரண்டு மடங்கு அதிகமாக வருகிறது.

வேறு சிலருக்கு, சந்தியைத் தவிர்த்து மேலறையையும் கீழறையையும் நேரடியாக இணைக்கும் ஒரு மேலதிகத் தசை நார் பிறப்பிலேயே இருக்கும். வுல்ஃப், பார்க்கின்சன், வைட் என்ற மூன்று வைத்தியர்கள் 1930இல் இதைப்பற்றி எழுதியதால் அவர்களுடைய பெயராலேயே இது அழைக்கப்படுகிறது. இவர்களில் பலருக்குப் படபடப்பு இல்லாத நேரத்திலும் ஈ.சி.ஜி.யில் இதன் அடையாளம் தெரியும், பார்க்கத் தெரிந்தவர் பார்த்தால்.

குனிந்து நிமிர்வது இதைத் தொடக்கிவிடுவதாகப் பல நோயாளிகள் சொல்கிறார்கள். நாளுக்கு ஐந்து வேளை ருகூவும் ஸுஜூதும் செய்கின்ற நமக்கு அது தொழுகையில் வந்துவிட்டால், "தொழும்போது வருகிறதே, இது ஷைத்தானின் வேலையோ, ஜின்னோ" என்று வீட்டார் கலங்குவதில் வியப்பில்லை. தரையிலிருந்து விறகுக் கட்டைத் தூக்கும்போதும் இது வரும். சப்பாத்து நாடா கட்டக் குனியும்போதும் வரும். தொழுகைக்கும் இதற்கும் வேறு எந்தச் சம்பந்தமும் கிடையாது.

எப்படிப் பிரித்தறிவது?

பயத்தினாலும் யோசனையினாலும் நெஞ்சு அடிக்கத்தான் செய்யும். ஆனால் அது மெதுவாக ஏறும், மெதுவாக இறங்கும். எப்போது தொடங்கியது, எப்போது முடிந்தது என்று நேரம் குறிக்க முடியாது. காய்ச்சல், இரத்தக் குறைவு, தைரொயிட் சுரப்பி அதிகமாக வேலை செய்தல், உடம்பில் நீர் வற்றிப்போதல், வீசிங்குக்கு இழுக்கும் மருந்து ஆகியவற்றால் வரும் வேகமும் அப்படியே. மாதவிடாயில் அதிக இரத்தம் போகும் சகோதரிகள் இதைக் கவனத்தில் கொள்ள வேண்டும். படியேறினாலே நெஞ்சு இடிக்கிறதென்றால் முதலில் பார்க்க வேண்டியது இரத்தத்தின் ஹீமோகுளோபின் அளவு.

மின் கோளாறோ சுவிட்சைப் போட்டதுபோல வரும், சுவிட்சை அணைத்ததுபோலப் போகும். "அஸர் பாங்கு சொல்லும்போது தொடங்கியது, தேநீர் ஊற்றும்போது நின்றது" என்று நேரத்தைச் சொல்லக்கூடியதாக இருந்தால் அது பெரிய தடயம். கழுத்தில் அடிப்பது இன்னொரு தடயம். மேலறையும் கீழறையும் ஒரே கணத்தில் சுருங்குவதால் இரத்தம் கழுத்து நரம்புகளுக்குப் பின்தள்ளப்படுகிறது. பின்னர் அடிக்கடி சிறுநீர் போவதற்கும் காரணமுண்டு. மேலறைகள் இழுபட்டு விரியும்போது, நீரை வெளியேற்றும் ஒரு சுரப்பு அங்கிருந்தே உண்டாகிறது. இதையெல்லாம் டொக்டர் கேட்காவிட்டாலும் நீங்களாகச் சொல்லுங்கள். நம்மில் பலர் சிறுநீர் விடயத்தை வெட்கத்தினால் மறைத்துவிடுகிறோம்.

இது நம் நாட்டு வைத்தியர்களின் குறை மட்டுமல்ல. 1997இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு, இந்தவகைப் படபடப்பு உறுதிசெய்யப்பட்ட 107 பேரின் பழைய கதைகளைத் தோண்டிப் பார்த்தது. அவர்களில் 59 பேருக்கு முதற் பரிசோதனையில் நோய் பிடிபடவில்லை. அந்த 59 பேரில் 32 பேருக்கு, "பயம், பதற்றம், மன அழுத்தம்" என்றே சொல்லப்பட்டிருந்தது. அப்படிச் சொல்லப்பட்டோர் ஆண்களில் 32 சதவீதம், பெண்களில் 65 சதவீதம். அதாவது ஒரே நோயோடு ஓர் ஆணும் பெண்ணும் போனால், பெண்ணுக்கு "உங்களுக்குப் பயம்" என்ற பதில் கிடைக்கும் வாய்ப்பு இரண்டு மடங்கு! இதை வாசித்தபோது எனக்கு ராத்தாவின் முகந்தான் ஞாபகத்துக்கு வந்தது.

ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். பதற்ற நோய் என்பதும் உண்மையான நோய்தான். அதற்கும் சிகிச்சை உண்டு. அது வெட்கப்பட வேண்டியதல்ல. நெஞ்சு 180இல் ஓடும்போது யாருக்கும் பயம் வரத்தான் செய்யும். பயத்தால் நெஞ்சு ஓடுகிறதா, நெஞ்சு ஓடுவதால் பயம் வருகிறதா என்பதே கேள்வி. அதைத் தீர்த்து வைப்பது வாய்ப்பேச்சல்ல, ஈ.சி.ஜி. தாள்.

ஓடும்போதே பிடிக்க வேண்டும்

மின்சாரம் போய்த் திரும்பி வந்தபின் வரும் மின்சார சபை ஊழியருக்கு எங்கே கோளாறு என்று தெரியாது. அதுபோலத்தான் இதுவும். படபடப்பு நின்றபின் எடுக்கும் ஈ.சி.ஜி. பெரும்பாலும் சுத்தமாகவே இருக்கும். அந்தச் சுத்தமான தாளை வைத்து "உங்களுக்கு ஒன்றுமில்லை" என்று யாரும் சொல்லிவிட முடியாது. அது நடந்துகொண்டிருக்கும்போது எடுத்த ஒரே ஒரு தாள், பத்து வருடக் குழப்பத்தைத் தீர்த்துவிடும்.

ஆகவே படபடப்பு தொடங்கியதும் செய்யவேண்டியது இது. உட்காருங்கள். மணிக்கூட்டைப் பாருங்கள். மணிக்கட்டில் பெருவிரலுக்கு நேராக, மறுகையின் இரண்டு விரல்களை வைத்து நாடியை 15 விநாடிகள் எண்ணி நான்கால் பெருக்குங்கள். எண்ண முடியாத வேகமென்றால் அதையே எழுதி வையுங்கள். சீராக அடிக்கிறதா, தாறுமாறாக அடிக்கிறதா என்பதையும் குறியுங்கள். வீட்டில் இரத்த அழுத்தம் பார்க்கும் மெஷின் இருந்தால் அதுவும் துடிப்பைக் காட்டும். ஆனால் மிகை வேகத்தில் அது பிழையாகவும் காட்டலாம்.

ஐந்து பத்து நிமிடத்தில் நிற்காவிட்டால், ஈ.சி.ஜி. எடுக்கக்கூடிய கிட்டிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள். தூரத்திலுள்ள பெரிய ஆஸ்பத்திரியைத் தேடி ஓடவேண்டாம். போய்ச் சேருமுன் நின்றுவிடும். வெளிநோயாளர் வரிசையில் துண்டெடுத்துக்கொண்டு நிற்கவும் வேண்டாம். "இப்போது நெஞ்சு ஓடிக்கொண்டிருக்கிறது, தயவுசெய்து இப்போதே ஈ.சி.ஜி. எடுங்கள்" என்று வாசலிலேயே சொல்லுங்கள். 2016இல் மேல், தென் மாகாணங்களில் ஆரம்பித்துப் பின்னர் நாடெங்கும் விரிந்த சுவசெரிய அம்புலன்ஸ், 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் கட்டணமின்றி வரும்.

நெஞ்சுவலி, மூச்செடுக்க இயலாமை, கண் இருண்டு மயங்குதல் ஆகியவற்றுள் ஏதேனும் சேர்ந்து வந்தால் ஒரு நிமிடமும் காத்திருக்க வேண்டாம். ஏற்கனவே மாரடைப்பு வந்தவர், இருதயம் பலவீனமானவர் ஆகியோருக்கு வரும் வேகத் துடிப்பும் அப்படியே. அது கீழறையிலிருந்தே கிளம்பும் ஆபத்தான வகையாக இருக்கலாம். குடும்பத்தில் எவரேனும் இளவயதில் காரணம் தெரியாமல் திடீரென மௌத்தாகியிருந்தாலோ, பிள்ளை ஓடும்போதோ நீந்தும்போதோ திடுக்கிடும்போதோ மயங்கி விழுந்தாலோ, "வலிப்பு" என்று மட்டும் விட்டுவிடாமல் ஈ.சி.ஜி. ஒன்று எடுத்துத்தான் ஆகவேண்டும்.

இங்கே நம் பெண்களுக்கே உரிய ஒரு தடை இருக்கிறது. ஈ.சி.ஜி. எடுக்க நெஞ்சைத் திறக்க வேண்டும். எடுப்பவர் ஆணாக இருந்தால், "வேண்டாம், இப்போது சுகமாகிவிட்டது" என்று சொல்லித் திரும்பி வந்த சகோதரிகளை எனக்குத் தெரியும். திரை இழுக்கச் சொல்லலாம். பெண் தாதி ஒருவரைக் கேட்கலாம். உம்மாவையோ சகோதரியையோ பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம். ஒட்டும் இடங்கள் தவிர்ந்த பகுதியை ஷோலால் மூடிக்கொள்ளலாம். கேட்டால் பெரும்பாலும் செய்து தருவார்கள். ஒருவரும் கிடைக்காத இடத்தில், சிகிச்சைக்கு அவசியமான அளவு ஆண் வைத்தியரிடம் வெளிப்படுத்துவதை நம் மார்க்க அறிஞர்கள் அனுமதித்திருக்கிறார்கள். முன்கூட்டியே முன்பக்கம் பொத்தான் வைத்த சட்டை உடுத்திருந்தால் வேலை இன்னும் இலகு.

எத்தனை முயன்றும் ஆஸ்பத்திரிக்குள் அது பிடிபடாவிட்டால், ஹோல்டர் என்ற சிறு கருவியை 24 மணித்தியாலம் உடம்பில் கட்டிவிடுவார்கள். தினமும் வருபவர்களுக்கு இது பயன்படும். மூன்று மாதத்துக்கொரு முறை வருபவருக்கு அந்த ஒரு நாளில் வருமென்று என்ன நிச்சயம்? அப்படிப்பட்டவர்களுக்கு நீண்ட நாட்கள் பதியும் கருவிகள் உண்டு. கைத்தொலைபேசியோடு இணைத்து இரண்டு விரல் வைத்துப் பதியும் கருவிகளும், ஈ.சி.ஜி. எடுக்கும் கைக்கடிகாரங்களும் வந்துவிட்டன. அவை எடுத்த பதிவைக் காட்டினாலே வைத்தியருக்குப் பாதி வேலை முடிந்துவிடும். இவற்றோடு இருதய ஸ்கேன், தைரொயிட், ஹீமோகுளோபின் பரிசோதனைகளும் செய்வார்கள்.

நிறுத்துவது எப்படி?

சுழலும் மின்னோட்டத்தை அந்தச் சந்தியில் ஒரு கணம் மறித்தால் போதும், வட்டம் அறுந்துவிடும். அதற்கு ஊசியே தேவையில்லாத ஒரு வழி, மூச்சை அடக்கி முக்குவது. பழைய முறையில் இது ஆறில் ஒருவருக்கு மட்டுமே பலித்தது. 2015இல் இங்கிலாந்தில் 428 நோயாளிகளிடம் சிறிய மாற்றமொன்றைச் செய்து பார்த்தார்கள். சாய்ந்து உட்கார்ந்தபடி, 10 மில்லிலீற்றர் வெற்று ஊசிக் குழாயின் நுனியில் வாய் வைத்து, உள்ளே இருக்கும் தண்டு அசையுமளவுக்கு 15 விநாடிகள் ஊத வேண்டும். ஊதி முடித்த கணமே மல்லாந்து படுக்க, பக்கத்திலிருப்பவர் இரண்டு கால்களையும் 45 பாகைக்கு உயர்த்தி 15 விநாடிகள் பிடிக்க வேண்டும். இவ்வளவுதான். 17 சதவீதமாக இருந்த வெற்றி 43 சதவீதமாக உயர்ந்தது. செலவு ஓர் ஊசிக் குழாயின் விலை!

நோய் இன்னதென்று உறுதியானபின், உங்கள் டொக்டரிடம் ஒரு தடவை செய்து காட்டச் சொல்லிப் பழகிக்கொள்ளுங்கள். நிறைமாதக் கர்ப்பிணிகளும் அண்மையில் கண் சத்திரசிகிச்சை செய்தவர்களும் மாரடைப்பு வந்தவர்களும் கேட்காமல் செய்யக்கூடாது. கழுத்து நரம்பை அமுக்கி நிறுத்தும் முறையொன்றும் உண்டு. அது வைத்தியரின் வேலை. வயதானவர்களுக்கு அதனால் பக்கவாதம் வரலாம். வீட்டில் யாரும் யாருடைய கழுத்தையும் அமுக்க வேண்டாம்.

அதற்கும் நிற்காவிட்டால் அடினோசின் என்ற ஊசி. இதைப்பற்றி முன்பே தெரிந்து வைத்திருப்பது நல்லது. நரம்பில் வேகமாக ஏற்றியதும், சில விநாடிகள் நெஞ்சு இறுகி, முகம் சூடேறி, "இதோ போகிறேன்" என்ற உணர்வு வரும். கலிமா சொல்லத் தொடங்கிவிட்டதாக ராத்தா சொன்னார். சொல்லி முடிப்பதற்குள் எல்லாம் நின்று, நெஞ்சு அமைதியாகிவிட்டதாம். மருந்து இரத்தத்தில் சில விநாடிகளே நிலைத்திருக்கும். வீட்டின் மெயின் சுவிட்சை அணைத்துப் போடுவது போன்றதுதான் இது. ஒரு சிறு குறிப்பு: தேயிலையிலும் கோப்பியிலும் உள்ள கெஃபீன் இந்த ஊசியின் வேலையைக் குறைத்துவிடும். வரும் வழியில் "தெம்புக்கு" என்று சாயத் தேநீர் ஊற்றிக் கொடுப்பவர்கள் கவனிக்கவும். வீசிங் உள்ளவர் அதை டொக்டரிடம் முதலில் சொல்ல வேண்டும். அவருக்கு வெரபமில் போன்ற வேறு ஊசி கொடுப்பார்கள். இரத்த அழுத்தம் விழுந்து நோயாளி தளர்ந்துவிட்டால், மயக்கம் கொடுத்து மின் அதிர்ச்சி மூலம் நிறுத்துவார்கள்.

கர்ப்ப காலத்தில் இந்தப் படபடப்பு அடிக்கடி வரலாம். அடினோசின் அப்போதும் கொடுக்கக்கூடியதே. ஆனால் வழமையாக எடுக்கும் குளிசைகளில் சில பிள்ளைக்கு ஆகாது. கிளினிக்கில் பதியும் முதல் நாளே குடும்பநல உத்தியோகத்தரிடம் சொல்லி அட்டையில் எழுதச் செய்யுங்கள்.

கைக்குழந்தைகளுக்கும் இது வரும் என்பதைப் பலர் அறியார்கள். பால் குடிக்க மறுத்து, வெளிறி, வேகமாக மூச்சு வாங்கி, காரணமின்றிச் சிணுங்கும் குழந்தையின் நெஞ்சில் கை வைத்துப் பாருங்கள். நிமிடத்துக்கு 220க்கு மேல், எண்ணவே முடியாமல் ஓடினால், "கண்ணூறு" என்று மிளகாய் சுற்றிப் போட்டுக்கொண்டிருக்க நேரமில்லை.

வேரோடு தீர்ப்பது

வருடத்தில் ஒரு தடவை வந்து தானே நிற்பவருக்கு மருந்தே தேவைப்படாமல் இருக்கலாம். அடிக்கடி வருபவருக்கு தினமும் குளிசை. குளிசை வருவதைக் குறைக்கும், வேரை அறுக்காது.

வேரை அறுப்பது "அப்லேஷன்" என்ற சிகிச்சை. தொடையின் மேற்பகுதி நரம்பில் ஊசித் துளையிட்டு, மெல்லிய கம்பிக் குழாய்களை இருதயத்துக்குள் செலுத்துவார்கள். கோளாறான பாதை எங்கே இருக்கிறதென்று மின் பதிவால் கண்டுபிடித்து, கம்பியின் நுனியைச் சூடாக்கி அந்தச் சிறு புள்ளியை மட்டும் செயலிழக்கச் செய்வார்கள். நெஞ்சைப் பிளப்பதில்லை. அநேகமாக மறுநாள் வீட்டுக்கு வரலாம். நான் மேலே சொன்ன இரண்டு பாதை வகையில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேரளவில் குணமாகிவிடுகிறார்கள். நூற்றில் ஒருவர் அளவில், நல்ல சந்தியும் சேர்ந்து பாதிக்கப்பட்டு பேஸ்மேக்கர் வைக்க நேரிடலாம். சம்மதக் கையெழுத்துக்கு முன் இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

1968இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழக வைத்தியசாலையில், வில் சீலி என்ற சத்திரசிகிச்சை நிபுணர் வட கரோலினா மீனவர் ஒருவரின் நெஞ்சைத் திறந்து அந்த மேலதிக நாரை வெட்டி, இந்நோய் அடியோடு தீரக்கூடியதென்று முதன்முதலாக நிரூபித்தார். இன்று அதே வேலையை ஊசித் துளை வழியாகச் செய்கிறார்கள். நம் நாட்டில் கொழும்பு தேசிய வைத்தியசாலையில் இந்தச் சிகிச்சை நடைபெறுகிறது. அரச சேவையில் கட்டணமில்லை. முறை வரும்வரை காத்திருக்க வேண்டும். தனியாரிடத்தில் பெருந்தொகை செலவாகும்.

உம்மாமாருக்கு ஒரு வார்த்தை. "பிள்ளைக்குக் கலியாணம் பேசுகிற நேரம், இருதய வருத்தம் என்று வெளியே தெரியலாமா?" என்று 19, 20 வயதுப் பெண்களின் நோயை மூடி வைக்கிறீர்கள். மூடி வைத்த நோய் கலியாணத்துக்குப் பின் முதற் கர்ப்பத்தில் வெளியே வருகிறது. அப்போது கதிர்ப் படம் பயன்படுத்தும் இந்தச் சிகிச்சையை இயன்றவரை பிரசவத்துக்குப் பின் தள்ளி வைக்கவேண்டியதாகிறது. காலத்தோடு செய்தால் தொடையில் ஒரு துளை. இரண்டு கிழமையில் அதன் அடையாளமும் இல்லை. நோயைக் குணப்படுத்திக்கொண்டு மணமகளாவதா, நோயை மறைத்துக்கொண்டா என்று நீங்களே யோசியுங்கள்.

தாறுமாறாக ஓடும் நாடி

இதுவரை சொன்னது வேகமாக, ஆனால் சீராக ஓடும் வகை. நாடி வேகமாகவும் ஒழுங்கில்லாமலும் அடித்தால் அது வேறு விடயம். மேலறைகள் சுருங்காமல் வெறுமனே நடுங்குகின்றன. உள்ளே தேங்கும் இரத்தம் உறைந்து, அந்தக் கட்டி மூளைக்குப் போனால் பக்கவாதம். முதியவர்களிடம் அதிகம் காண்பது. ஆனால் சிறுவயதில் தொண்டை நோவும் மூட்டு வீக்கக் காய்ச்சலும் வந்து இருதய வால்வு சுருங்கிப்போன இளம் பெண்களுக்கும் வருகிறது.

இவர்களுக்கு இரத்தம் உறையாமலிருக்க வோஃபரின் கொடுப்பார்கள். நன்மை பெரிது, கவனமும் பெரிது. குறித்த நாளில் இரத்தம் சோதிக்க வேண்டும். கீரை சாப்பிடலாம், ஒரு கிழமை தினமும் வல்லாரையும் அடுத்த கிழமை ஒன்றுமில்லாமலும் இருந்தால்தான் மருந்தின் அளவு குழம்பும். ஹிஜாமா செய்பவரிடம் போகுமுன் இந்த மருந்து எடுப்பதைக் கட்டாயம் சொல்லுங்கள். டொக்டரின் அனுமதியின்றிக் கீற வேண்டாம். கருஞ்சீரக எண்ணெய் என்றாலும் நாட்டு மருந்து என்றாலும் டொக்டருக்குத் தெரிந்தே இருக்கட்டும். மாதவிடாய் தள்ளிப்போனால் உடனே போய்ச் சொல்லுங்கள். கர்ப்பத்தின் முதல் மாதங்களில் வோஃபரின் சிசுவைப் பாதிக்கும். தானாக நிறுத்துவதும் ஆபத்தே, கட்டி உறைந்துவிடும்.

ரமழான் நெருங்கும்போது, நோன்பு தொடங்குவதற்கு ஒரு மாதம் முன்பே கிளினிக்கில் கேளுங்கள். மூன்று வேளைக் குளிசையை, ஸஹருக்கும் இஃப்தாருக்கும் பொருந்தக்கூடியதாக மாற்றித்தர முடியுமா என்று பார்ப்பார்கள். முடியாதென்றால், நோயாளிக்கு வேறு நாட்களில் நோற்கும் சலுகையை அல்லாஹ் ஸூரா பகராவிலேயே தந்திருக்கிறான். குளிசையை இரண்டாக உடைத்து, ஒன்றை விட்டு, தாமாகவே கணக்குப் பண்ணிக்கொள்பவர்கள்தான் பெருநாளைக்கு முன் வார்டில் படுக்கிறார்கள். ஸஹரில் தண்ணீர் போதியளவு குடிப்பதும் கடுஞ்சாயத்தைக் குறைப்பதும் எல்லாருக்கும் நல்லது.

ராத்தாவின் கதைக்கு வருகிறேன். 35ஆவது வயதில் ஒரு நாள், பக்கத்து வீட்டுப் பிள்ளையைப் பார்க்க ஆஸ்பத்திரி வார்டுக்குப் போயிருந்த இடத்தில் அவருக்குப் படபடப்பு வந்தது. அங்கிருந்த இளம் பெண் டொக்டர், "வீட்டில் என்ன பிரச்சினை?" என்று கேட்கவில்லை. கையைப் பிடித்து நாடி பார்த்தார், அப்படியே கட்டிலில் படுக்கவைத்து ஈ.சி.ஜி. எடுத்தார். நிமிடத்துக்கு 192. ஏழு மாதங்கள் கழித்து இரவு பஸ்ஸில் கொழும்புக்குப் போய், இரண்டு நாள் தங்கி, அப்லேஷன் செய்துகொண்டு வந்தார். பிறகு சில மாதங்கள், அவ்வப்போது ஒரு துடிப்புத் துள்ளும். மீண்டும் ஓடப்போகிறதோ என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பாராம். ஓடவில்லை. அந்தத் துள்ளல் பலருக்கும் இருப்பதுதான், தானாகக் குறைந்துவிடும் என்று டொக்டர் சொல்லியிருந்தார்.

அந்த 192 தாளை அவர் இன்னும் வைத்திருக்கிறார். ஆனால் அதில் இப்போது ஒன்றுமே தெரியாது. ஈ.சி.ஜி. தாள் சூட்டினால் பதியப்படுவது. வருடம் செல்லச் செல்ல, வெயில் படப்பட, கோடுகள் மங்கி வெள்ளையாகிவிடும். கிடைத்த அன்றே ஒரு போட்டோ பிரதி எடுத்து வையுங்கள், தொலைபேசியிலும் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். அடுத்த தடவை எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் முதலில் நீட்ட வேண்டியது அதைத்தான்.